அறுவைப் பிரசவத்தில் தண்டுவட மயக்க மருந்துகள்: எது, ஏன்?

அறுவைப் பிரசவத்திற்கு நாள் குறிக்கப்பட்ட தாய்மார்களும் அவர்தம் குடும்பத்தினரும் மயக்கவியல் மருத்துவரிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். முதுகில் போடப்படும் ஊசியால் பிற்காலத்தில் முதுகுவலி வருமா என்பது ஒன்று. மருந்துகளுள் எது சிறந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் விடை கூறுவதோடு, அறுவை அரங்கில் தாய் அறிந்திருக்க வேண்டிய ஒரு முக்கியமான செய்தியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஊசி எங்கே செல்கிறது?

பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்திற்கும் செல்வதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் அளவிலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் மட்டுமே திரவத்தில் மிதந்தவாறு இறங்குகின்றன. மயக்க ஊசி இந்தக் கீழ்ப்பகுதியில்தான் செலுத்தப்படுகிறது. திரவத்தில் கலக்கும் மருந்து, வலியை எடுத்துச் செல்லும் நரம்புகளைச் சில நிமிடங்களில் மரத்துப்போகச் செய்கிறது. தாய் விழித்திருக்கிறார், குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கிறார்.

1898ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்னும் அறுவை மருத்துவர் கொகெயினைக் கொண்டு இம்முறையைக் கையாண்டார். அன்று முதல் மருந்துகள் பல மாறியுள்ளன. ஊசிகளும் மிக மெல்லியவையாகிவிட்டன.

மருந்துகளின் ஒப்பீடு

புபிவகெயின்: 1957ஆம் ஆண்டு சுவீடனில் உருவாக்கப்பட்ட இம்மருந்தே இன்று அறுவைப் பிரசவத்தில் மிகுதியாகப் பயன்படுகிறது. பொதுவாக 10 முதல் 12 மில்லிகிராம் வரை, அதாவது ஏறத்தாழ 2 மில்லிலிட்டர் அளவே போதுமானது. ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் வரை அறுவைக்கு ஏற்ற மரப்பைத் தருகிறது. இதில் டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரை சேர்க்கப்பட்ட ‘கனமான’ வகையும், சேர்க்கப்படாத வகையும் உண்டு. கனமான வகை தண்டுவடத் திரவத்தைவிட எடை மிகுந்தது. ஆகவே தாயைப் படுக்க வைக்கும் நிலையைக் கொண்டு அது பரவும் திசையை மருத்துவர் ஓரளவு நெறிப்படுத்தலாம். மரப்பும் விரைவாக மார்பு வரை உயர்கிறது. இக்காரணங்களால் பெரும்பாலான இடங்களில் கனமான வகையே விரும்பப்படுகிறது.

லெவோபுபிவகெயின்: புபிவகெயின் மூலக்கூறு, வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்ததே இம்மருந்து. பெரிய அளவில் இரத்தத்தில் கலந்துவிட நேர்ந்தால் இதயத்திற்கு உண்டாகும் தீங்கு இதில் குறைவு. ஆனால் தண்டுவட ஊசியில் செலுத்தப்படும் அளவு மிகச் சிறிது. ஆதலால் அங்கே இந்த மேன்மைக்குப் பெரிய பயன் இல்லை. மிகுந்த அளவு மருந்து தேவைப்படும் எபிடியூரல் முறையில்தான் இவ்வேறுபாடு பொருள் பெறுகிறது.

ரோபிவகெயின்: இதன் வீரியம் சற்றுக் குறைவு, ஆகவே கூடுதல் மில்லிகிராம் தேவைப்படும். கால்களின் அசைவு விரைவில் திரும்புவது இதன் நன்மை. மரப்பும் விரைவில் குறையக்கூடும் என்பது இதன் மறுபக்கம். முன்பு அறுவை செய்யப்பட்டு உள்ளே ஒட்டுதல்கள் உள்ள தாய்க்கு அறுவை நீளலாம். அத்தகையோருக்கு நீடித்து நிற்கும் மருந்தே பொருத்தமானது.

லிக்னோகெயின்: ஒரு காலத்தில் பரவலாக இருந்த கனமான லிக்னோகெயின் ஊசிக்குப் பின்னர், பிட்டத்திலும் தொடைகளிலும் தற்காலிக வலி தோன்றுவதாக 1993ஆம் ஆண்டு முதல் அறிக்கைகள் வெளிவந்தன. அதன் பின் இதன் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது.

துணை மருந்துகள்

மரப்பு மருந்துடன் மிகச் சிறிய அளவில் வலிநீக்கி ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். ஃபென்டனில் அறுவையின்போது உண்டாகும் இழுப்பையும் அசௌகரியத்தையும் குறைக்கிறது. மார்ஃபின் சேர்க்கப்பட்டால் அறுவைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரம் வரை வலி குறைந்திருக்கும்; தாய் எளிதாகத் திரும்பிப் படுத்துக் குழந்தைக்குப் பாலூட்டலாம். அரிப்பும் குமட்டலும் இதன் பக்கவிளைவுகள். மூச்சின் வேகத்தைச் செவிலியர் அடிக்கடி கவனித்து வருவதும் இதனால்தான். இச்சிறு அளவுகள் தாய்ப்பாலுக்குத் தடையாகா. பிரசவமான உடனேயே பாலூட்டத் தொடங்கலாம்.

எந்த மருந்தானாலும் இரத்த அழுத்தம் குறைவது பொதுவான விளைவு. தலைசுற்றலும் குமட்டலும் அதன் அறிகுறிகள். இதனைத் தடுக்கச் சிரை வழியாகத் திரவமும் ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்தும் தரப்படும். கருப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தாதிருக்கத் தாயின் உடல் சற்றே இடப்பக்கம் சாய்த்து வைக்கப்படும். குமட்டல் தோன்றிய உடனே மருத்துவரிடம் தெரிவித்தால் விரைவில் சரிசெய்யலாம்.

எனவே, ‘சிறந்த மருந்து’ எது என்னும் கேள்விக்குத் தனித்த ஒரு பெயரை விடையாகச் சொல்ல இயலாது. தாயின் உடல்நிலை, எதிர்பார்க்கப்படும் அறுவை நேரம், அவசரம் ஆகியவற்றைக் கருதியே மருந்தும் அளவும் முடிவு செய்யப்படுகின்றன. அதற்குத் தாங்கள் தரும் தகவல்கள் இன்றியமையாதவை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, இதய நோய், இரத்தத் தட்டணுக் குறைவு, முதுகெலும்பு அறுவை, மருந்து ஒவ்வாமை, முந்தைய பிரசவத்தில் ஊசி சரியாகப் பலனளிக்காத அனுபவம் ஆகியவற்றுள் எது இருப்பினும் முன்கூட்டியே சொல்லுங்கள். இரத்த உறைவுத் தடுப்பு ஊசியின் கடைசி வேளை எந்நேரத்தில் போடப்பட்டது என்பதைக் குறித்து வைத்திருங்கள்.

வலித்தால் சொல்லுங்கள்

அறுவை தொடங்குமுன், குளிர்ந்த பொருளைத் தோலில் வைத்து மரப்பு மார்பு வரை உயர்ந்துள்ளதா என மருத்துவர் சோதிப்பார். உணர்வதை உள்ளபடியே கூறுங்கள். அறுவையின்போது தொடுதல், அழுத்தம், இழுப்பு ஆகியவற்றை உணர்வது இயல்பு. வலியை உணர்வது இயல்பன்று. ‘பொறுத்துக்கொள்ள வேண்டும், மருத்துவருக்குத் தொந்தரவு தரக்கூடாது’ என்று எண்ணிப் பல தாய்மார்கள் மௌனமாக இருந்துவிடுகின்றனர். அது தேவையற்ற துன்பம். தலைமாட்டில் நிற்கும் மயக்கவியல் மருத்துவரிடம் ‘வலிக்கிறது’ என்ற ஒரு சொல் போதும். அறுவையைச் சற்று நிறுத்தவும், கூடுதல் வலிநீக்கி தரவும், தேவையானால் முழு மயக்கம் அளிக்கவும் அவரால் இயலும். மருந்து எவ்வளவு சிறந்ததாயினும், அது போதுமானதா என்பதை அறிந்தவர் தாய் ஒருவரே.

அறுவைக்குப் பின்

தண்டுவட ஊசியால் நீண்டகால முதுகுவலி வருகிறது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாள்கள் நோவு இருக்கலாம். கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்களும், குழந்தையைத் தூக்கிக் குனிந்து பாலூட்டும் நிலையுமே பிந்தைய வலிக்குப் பெரும்பாலும் காரணம். முதுகுக்குச் சாய்வு கொடுத்து, மடியில் தலையணை வைத்துப் பாலூட்டுவது உதவும்.

ஒரு நாள் முழுதும் தலையைத் தூக்காமல் படுத்திருந்தால் தலைவலி வராது என்னும் நம்பிக்கைக்கும் சான்று இல்லை. மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடப்பது, கால் சிரைகளில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும்.

உடனிருப்போர் கீழ்க்காணும் அறிகுறிகளைக் கவனித்து உடனே தெரிவிக்க வேண்டும்:

• ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழிந்தும் காலை நேராகத் தூக்க இயலாமை, அல்லது திரும்பிய உணர்வு மீண்டும் மறைதல்.
• உட்கார்ந்தாலோ நின்றாலோ மிகுந்து, படுத்தால் குறையும் கடுமையான தலைவலி. வீடு திரும்பிய பிறகு தோன்றினாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு.
• தாங்க இயலாத முதுகுவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு.
• வழக்கத்திற்கு மாறான ஆழ்ந்த உறக்கம், மெதுவான மூச்சு.
• குழாய் எடுத்த பின் சிறுநீர் கழிக்க இயலாமை.

தங்களுக்குத் தரப்பட்ட மருந்தின் பெயரையும் அளவையும், ஊசி எவ்வாறு பலனளித்தது என்பதையும் கேட்டறிந்து, பிரசவக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தங்களைக் கவனிக்கும் மருத்துவருக்கு அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.