வாயைப் பூட்டும் பாக்கு: புற்றுநோய்க்கு வழிவிடும் புரத இழைகள்

புது தில்லி: புகையிலை கலக்காத பான் மசாலாவால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை நாட்டில் பரவலாக உள்ளது. ஆனால், அதில் உள்ள பாக்கு மட்டுமே வாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் பாக்கை 2004-ல் சேர்த்தது.

செல்களுக்கு வெளியே அமைந்து, திசுக்களைத் தாங்கி நிற்பவை கொலாஜன் உள்ளிட்ட புரதங்கள். இவை உருவாவதும் சிதைவதும் சமநிலையில் நடைபெற வேண்டும். பாக்கு இந்தச் சமநிலையைக் குலைத்துவிடுகிறது. அதில் உள்ள அரிக்கோலின், கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது. தாமிரச் சத்து, கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் லைசில் ஆக்ஸிடேஸ் என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. துவர்ப்பைத் தரும் டானின், அந்த இழைகள் சிதையாமல் தடுக்கிறது.

இதனால் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்ப் பட்டைகள் தோன்றுகின்றன. முதலில் காரம் பட்டால் எரிச்சல் ஏற்படும். பின்னர் வாயைத் திறப்பதே கடினமாகிவிடும். இந்த நிலை புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் உண்டு. கேரள மாநிலம், எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயாளிகள் 66 பேரிடம் நடத்தப்பட்டு, 1985-ல் வெளியான 17 ஆண்டு கால ஆய்வில், 5 பேருக்குப் புற்றுநோய் ஏற்பட்டது கண்டறியப்பட்டது.

மெல்லும் புகையிலை, பாக்கு ஆகியவற்றால் 2022-ல் உலக அளவில் சுமார் 1.20 லட்சம் பேருக்கு வாய்ப் புற்றுநோய் ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களில் சுமார் 83,400 பேர் இந்தியர்கள்.

உணவுப் பொருள்களில் புகையிலை, நிகோடின் சேர்ப்பதற்கு 2011-ல் விதிக்கப்பட்ட தடையின் அடிப்படையில், மத்தியப் பிரதேசம் 2012 ஏப்ரல் 1 முதல் குட்காவைத் தடை செய்தது. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. ஆனால், பாக்கு அந்த விதியில் இடம்பெறவில்லை. பான் மசாலாவும் புகையிலையும் தனித்தனிப் பொட்டலங்களாக விற்கப்பட, வாங்குவோரே இரண்டையும் கலந்து மெல்லும் வழக்கம் ஏற்பட்டது. சில மாநிலங்கள் பான் மசாலாவுக்கும் அவ்வப்போது தடை விதித்துள்ளன.

வாய்ப் பயிற்சி, ஊசி மருந்து, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றால் இறுக்கத்தை ஓரளவு தளர்த்தலாம். எனினும், இறுகிய திசு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. தொடக்கத்திலேயே பாக்கைக் கைவிடுவதே முதல் சிகிச்சை. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடியாதவர்கள், உடனடியாகப் பல் மருத்துவரை அணுக வேண்டும்.