சீப்புக் கொம்பனி செய்த உழவு மெசினும் உள்ளங்கையில் அடங்கும் மோரிஸ் மைனரும்: தெரியுமா?

வட்டக்கச்சியில் மாரி மழை விழுந்து உழவு தொடங்கினால், விடியப்புறம் சேவல் கூவ முதலே காதில் விழுவது மசி பேர்கசனின் இரைச்சல்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டே இது ஆற்ற மெசின் என்று சொல்கிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் கார் மொடல், விமான மொடல் என்று உலகம் முழுக்கப் பிள்ளைகளும் தாத்தாமாரும் இரவிரவாகக் குந்தியிருந்து ஒட்டுகிறார்களே, அந்த பிளாஸ்ரிக் கிட்டுகளில் பேர்போன 'எயார்பிக்ஸ்' என்ற பிரித்தானியக் கொம்பனியை அந்தத் தொழிலுக்குள் இழுத்து விட்டதே இந்த மசியின் பாட்டன்தான் என்பது தெரியுமா?

1949இல் நடந்த கதை. பேர்கசன் கொம்பனிக்காரர் தங்கள் சாம்பல் நிற டிஇ20 உழவு மெசினைச் சின்னதாகச் செய்து தரச் சொல்லி எயார்பிக்ஸிடம் கேட்டார்கள். விற்பனையாளர் கையில் கொடுத்துவிட, விவசாயிக்குக் காட்டி ஆசை மூட்ட! எயார்பிக்ஸ் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? தலை வாருகிற பிளாஸ்ரிக் சீப்பு! 1939இல் நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் தொடங்கிய கொம்பனி அது. முதலில் காற்றடைத்த றப்பர் விளையாட்டுச் சாமான் செய்தார்கள். வியாபாரப் பெயர்ப் பட்டியலில் முன்னுக்கு வரவேண்டும் என்றே 'ஏ' எழுத்தில் பெயர் தேடினாராம் மனுசன். நல்ல யாவாரி!

உழவு மெசின் மொடல் வடிவாகத்தான் வந்தது. ஆனால் துண்டு துண்டாக வார்த்த பாகங்களை ஆள் வைத்து ஒட்டி முடிப்பது பெரிய வில்லங்கமாக இருந்தது. யோசித்தார்கள். ஒட்டாமலே கொடுத்தால் என்ன? வாங்குகிறவனே ஒட்டட்டும்! இப்படித் தங்கள் தலையிடியைக் காசு வாங்கிக்கொண்டு எங்கள் தலையில் ஏற்றினார்கள். நாங்களும் சந்தோசமாக ஏற்றுக்கொண்டோம். 1950களின் முற்பகுதியில் 'கோல்டன் ஹைண்ட்' என்ற பாய்க்கப்பலைப் பொலித்தீன் பையில் போட்டு, வாயில் கடதாசி மடித்து, வூல்வேர்த் கடைகளில் இரண்டு சிலிங்குக்கு விற்றார்கள். அதற்குப் பிறகு எயார்பிக்ஸைப் பிடிக்க ஆளில்லை.

நிஜமான டிஇ20 என்ன ஆனது? 1946 முதல் 1956 வரை 5 இலட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். 1953இல் பேர்கசனும் மசி-ஹரிஸும் ஒன்றாகின. அப்படித்தான் இந்தப் பெயர் எங்கள் வயலுக்கு வந்தது. உழவு மெசினின் பின்பக்கம் கலப்பையைத் தூக்கி இறக்குகிற மூன்று புள்ளிக் கொழுவி இருக்கிறதே, அதை உலகத்துக்குக் கொடுத்தவரும் ஹரி பேர்கசன்தான்.

கிட் இல்லாத ஊரில் நாங்கள் சும்மாவா இருந்தோம்? இரண்டு பனங்காய், நடுவே ஒரு தடி, தள்ள ஒரு கவைக்கம்பு. வண்டில் தயார்! கொஞ்சம் வளர்ந்தால் சமன் ரின் கார். ரின்னை வெட்டி விரித்து பொடி, தேய்ந்த பாட்டாவை வட்டமாக வெட்டிச் சில்லு, சைக்கிள் கம்பி அச்சு. பாட்டாச் சில்லு மணலில் புதையாது, ஆனால் தார் றோட்டில் ஒரு பின்னேரத்தில் தேய்ந்துபோகும். மொடல்காரர் இப்படி ஒன்றும் இல்லாமல் முழுவதையும் தாங்களே வெட்டிச் செய்வதைப் பெரிய வித்தையாகக் கொண்டாடுகிறார்கள். எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

சரி, மிச்சத்தைக் கேளுங்கள்.

வேல்ஸ் நாட்டில் பார்கோட் என்ற ஊர். சுரங்கத்து நிலக்கரித் தூசியைச் சுவாசித்துச் சுவாசப்பை கெட்டுப்போன தொழிலாளர்களுக்காக 1949இல் அங்கே ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? பிள்ளைகள் ஏறியிருந்து மிதித்து ஓட்டுகிற ஒஸ்ரின் ஜே40 கார்! பெரிய கார் வெட்டி மிஞ்சிய இரும்புத் தகட்டில் சின்னக் கார். பொனற் திறக்கும், லைற் எரியும், கோர்ண் அடிக்கும். முகத்தைப் பார்த்தால் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நெடுங்காலம் ஓடிய ஏ40 குடும்பத்துச் சாடை அப்படியே இருக்கும். 1971 வரை 32,098 கார்கள். மூச்சு வாங்க முடியாத மனிசர் செய்த வண்டியில் வீட்டுப் பிள்ளைகள் மூச்சு வாங்க வாங்க ஓடினார்கள்.

அமெரிக்காவில் ஏஎம்ரி என்றொரு கொம்பனி. 1948இல் தொடங்கியது. கார் விற்கிற கடைகளுக்குப் புதுக் காரின் சின்ன மொடலைச் செய்து கொடுப்பதுதான் முதல் தொழில். பழைய மொடல்கள் சில இன்றைக்கு வெயிலில் காய்ந்த அப்பளம் போல நெளிந்து கிடக்கும். காரணம் சேகரிப்பவனின் கவலையீனம் இல்லை, அந்தக் காலத்து அசற்றேற் பிளாஸ்ரிக்கின் குணம் அது. 1958இல் 'ஒன்றில் மூன்று' கிட்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஒரே பெட்டிக்குள் மூன்று விதமாகப் பூட்டப் பாகம்! கடையில் வாங்கினபடியும் பூட்டலாம், உருமாற்றியும் பூட்டலாம், பந்தயக் காராகவும் பூட்டலாம். மிஞ்சிய பாகத்தை எறிய மனம் வராது. அதிலிருந்து தொடங்குகிறது வீட்டில் மனைவிமாரின் முறைப்பாடு.

இதை நம்பவே மாட்டீர்கள். மொடல் கார் செய்த இதே ஏஎம்ரி நிஜக் காரும் செய்தது! 1960களில், பிறானா என்று பெயர், பொடி முழுக்க பிளாஸ்ரிக். அதைச் செய்த ஜீன் வின்பீல்டின் பட்டறைதான் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வருகிற கலிலியோ என்ற சின்ன விண்ணோடத்தையும் ஆள் உயரத்துக்குச் செய்து கொடுத்தது. கைமாறாக அந்தத் தொடரின் விண்கப்பலை மொடல் கிட்டாக விற்கும் உரிமை ஏஎம்ரிக்கு. விண்வெளி என்றதும் இன்னொன்று: 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக் கப்பல்களின் மேலே மொய்த்துக் கிடக்கிற குழாய், பெட்டி, கம்பி எல்லாம் என்ன நினைத்தீர்கள்? கடையில் வாங்கிய டாங்கி கிட், கார் கிட் பாகங்கள்! பெட்டி பெட்டியாக வாங்கி உடைத்து ஒட்டினார்கள். சமன் ரின் புத்தி கொலிவூட்டிலும் இருக்கிறது.

யப்பானில் ஷிசுவோகா நகரத்து டமியா கொம்பனி மரக்காலையாகத் தொடங்கியது. மர மொடல் செய்து, பிறகு பிளாஸ்ரிக்குக்கு மாறி, 1960இல் விட்ட முதல் பிளாஸ்ரிக் கிட்டான யமாட்டோ போர்க்கப்பலில் காசைத் தொலைத்தார்கள். மனம் தளரவில்லை. ஷுன்சாகு டமியா ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி அளந்தார். எதற்கு? 1976இல் வந்த 12இல் ஒரு பங்கு அளவான போர்ஷே கிட்டுக்காக! இத்தாலிக்காரர் இன்னும் பொல்லாதவர்கள். போச்சர் கொம்பனியின் ரோல்ஸ் றொய்ஸ் கிட் நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு, அதற்குள் 2,000க்கு மேற்பட்ட பாகம். அவர்களுடைய சில கிட்டுகளில் சில்லின் ஆரக்கம்பிகளையும் ஒவ்வொன்றாய்க் கோர்க்கவேண்டும். நான் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதுவே போதும் என்று இருந்தது.

இனி என் மேசைக்கு வருகிறேன். இலண்டனில் இருந்து வந்த மச்சான் ஒருவன் பழைய எயார்பிக்ஸ் மோரிஸ் மைனர் கிட் ஒன்றைக் கையில் தந்தான். 1960களில் வெளிவந்தது, 32இல் ஒரு பங்கு. நிஜக் காரின் நீளம் 3.76 மீற்றர், ஆகவே மொடல் 12 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளங்கையில் நிற்கும். பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் கொப்பில் மாங்காய் போலத் தொங்கின. பிடுங்கக்கூடாது! நகம் வெட்டியால் காம்பைக் கொஞ்சம் தள்ளி நறுக்கி, மிச்சத்தை பிளேட்டால் சீவி, அரத்தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்க்கவேண்டும். பிடுங்கினால் பாகத்தில் ஒரு கடி விழும். எனக்கு விழுந்தது.

ஒட்டுகிற பசை உண்மையில் பசையே இல்லை, தெரியுமா? பிளாஸ்ரிக்கைக் கரைக்கிற திரவம் அது. இரண்டு பாகத்தையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் பொருத்தில் ஒருமுறை தொட்டால் சரி, தானாக உள்ளே ஓடி, இரண்டு பக்கத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். கராச்சில் வெல்டிங் வைப்பது போலத்தான். அதனால்தான் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தால் அவ்வளவுதான், துடைத்தால் இன்னும் மோசம். பசையை அள்ளிப் பூசிப் பழுதாக்கின பழைய மொடலுக்கு அமெரிக்கர் 'பசைக் குண்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதையும் சந்தையில் தேடி வாங்கி, கழற்றி, மீட்டெடுக்கிற சேகரிப்பாளர் உண்டு. எனக்கு அவர்கள்தான் பெரிய ஆட்கள். பிரிக்காத பெட்டிக்குத்தான் விலை கூட என்று அலுமாரியில் பூட்டி வைப்பவர்களை எனக்கு விளங்கவில்லை. விதைக்காத விதைநெல்லை மணந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.

மீட்கிற வித்தைகளைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள்! பழைய பெயின்ற் கழற்ற பிரேக் ஒயிலில் ஊறப்போடுவார்கள். குரோம் பூச்சைக் கழற்ற வெள்ளை உடுப்புக்குப் போடுகிற பிளீச். மஞ்சளித்துப்போன ஒட்டுப்படத்தை யன்னல் கண்ணாடியில் வெயில் படச் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுக்கும். வன்னியில் அந்த வெயிலுக்கு என்ன பஞ்சம்? கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பற்பசை. எல்லாவற்றையும் விடப் பயங்கரம் ரயர்தான்: மெதுவான வினைல் ரயரில் இருக்கிற இளக்கி, வருசக்கணக்கில் மெல்லக் கசிந்து, பட்ட பிளாஸ்ரிக்கை உருக்கிவிடும். இருபது வருசம் தொடாமல் வைத்த பெட்டியைத் திறந்தால் ரயர் கண்ணாடிக்குள் புதைந்து கிடக்கும். ரயரை வேறாகச் சுற்றி வைக்கத் தெரிந்தவன் தப்புவான்.

என் கிட்டில் ஒரு குறை. ஏரியல் இல்லை. அதற்கும் வழி இருக்கிறது! வெறுங்கொப்பில் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு இரண்டு விரற்கடை மேலே பிடித்து உருட்டவேண்டும். கருகக்கூடாது. மினுங்கத் தொடங்கி நடுவில் தொய்யும். உடனே சுடரை விட்டு விலக்கி, இரண்டு கையாலும் இழு. மெல்ல இழுத்தால் கம்பி, வெடுக்கென்று இழுத்தால் தலைமயிர். இறுகுமட்டும் அசையாமல் பிடித்திருக்கவேண்டும். மூன்றாவது முறை சரிவந்தது. குழாயை இழுத்தால் எவ்வளவு மெலிந்தாலும் நடுவில் துளை துளையாகவே இருக்குமாம்!

மோரிஸ் மைனருக்கே ஒரு ஒட்டுவேலைக் கதை இருக்கிறது. 1948இல் வெளிவரும் முன், வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கார் ஒடுக்கமாய்ப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாய் அறுக்கச் சொன்னார். அறுத்த பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் கூட்டினார். பொனற்றின் நடுவே ஓடுகிற தட்டை மேடு அந்த நாலு அங்குலம்தான்! பம்பர் ஏற்கெனவே செய்தாகிவிட்டதால் அதையும் வெட்டி நடுவில் ஒரு துண்டு வைத்தார்கள். என் மொடலில் அது 3 மில்லிமீற்றர் சொச்சம். விரலால் தடவினால் தட்டுப்படுகிறது.

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. பெற்றோல் வராத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுதான். பின் சீற்றில் ஏறினவர் எல்லாம் குப்பி விளக்கு மணத்தோடுதான் இறங்கினார்கள். 2009இல் இடம்பெயர்ந்து போகையில் அது வழியில் நின்றுபோனது. திரும்பி வரும்போது கார் இல்லை, காரின் படமும் இல்லை.

இப்போது மொடல் சாம்பல் நிற அடிப்பூச்சோடு மேசையில் நிற்கிறது. மேற்பூச்சுக்கு நிறம் தேடிப் பெரியம்மாவிடம் போனேன்.

"பச்சையடா. இளம்பச்சை. பாசிப்பயறு மாதிரி."

அம்மா குசினிக்குள் இருந்து வந்தா. "அக்கா, உங்களுக்கு மறந்துபோச்சு. அது நீலம். வெயில்ல நிண்டு வெளிறின நீலம்."

"அவர் பச்சை பூசினவர், கிளிநொச்சியில குடுத்து."

"அது பிறகு. நான் கலியாணத்துக்கு ஏறேக்க நீலம்."

மொடல்காரரிடம் இதற்கும் ஒரு முறை இருக்கிறது, தெரியுமா? அடியில் பழைய நிறத்தைப் பூசி, காய்ந்தபின் மேலே புது நிறத்தைப் பூசி, கதவு விளிம்பிலும் மட்காட்டிலும் நுண்ணிய அரத்தாளால் மெல்லத் தேய்த்தால் அடிநிறம் எட்டிப் பார்க்கும். நீலம் வாங்கியாயிற்று. பெரியம்மா சொன்ன பாசிப்பயற்றுப் பச்சைக்கு மூன்று ரின்னைக் கலந்து ஓட்டுத் துண்டொன்றில் பூசிக் கொண்டுபோய்க் காட்டினேன். வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"இன்னும் கொஞ்சம் மஞ்சள் விடு."