கட்டைவிரல் சொல்லும் தீர்ப்பு

புதிதாக வாங்கிய டார்ச்சின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் படங்கள் இருக்கும். எத்தனை லூமன் வெளிச்சம், எவ்வளவு நேரம் எரியும், எத்தனை மீட்டர் பாயும், ஒளியின் உச்சச் செறிவு என்ன, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும், தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று ஆறு விஷயங்கள். அமெரிக்காவில் 2009-இல் வந்த ஆன்சி எஃப்எல்1 என்ற தரநிலை வகுத்த கட்டங்கள் இவை. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய எண்ணைப் பெட்டியில் அச்சடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஆறில் சுவிட்ச் இல்லை.

டார்ச்சில் மனிதக் கை தினமும் தொட்டுப் பழகும் பாகம் அது ஒன்றுதான். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், கை ஈரமாக இருக்கும்போது தேடுவதும் அதைத்தான். ஆனாலும் எவ்வளவு அழுத்தினால் போதும், எப்போது எரிய வேண்டும், பைக்குள் தானாக எரிந்துவிடாமல் இருக்குமா என்பதற்கெல்லாம் பெட்டியில் அளவு கிடையாது. இதைச் சோதிக்கும் வேலையை டார்ச் பித்துப் பிடித்த ஒரு கூட்டம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் சிதறிக் கிடப்பவர்கள். இவர்கள் சொல்வதைக் கேட்டுச் சீனாவின் டார்ச் கம்பெனிகள் சில, சந்தைக்கு விடும் முன்பே சுவிட்சை மாற்றுகின்றன.

இந்த வழக்கத்தின் வேர் பழையது. டேவிட் மிசெல் கண்டுபிடித்த குழல் வடிவ டார்ச்சுக்கு 1899 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதைத் தயாரித்த கான்ராட் ஹியூபர்ட்டின் நிறுவனம் முதலில் செய்த காரியம், நியூயார்க் போலீஸ்காரர்களுக்குச் சில டார்ச்சுகளைச் சும்மா கொடுத்ததுதான். அவர்கள் நல்லதாகச் சொன்ன சொற்கள் விளம்பரத்துக்குப் பயன்பட்டன. அன்றைய பேட்டரியும் பல்பும் தொடர்ந்து எரியும் தெம்பில்லாதவை. ஒரு கணம் அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். ஆகவே அழுத்தும்போது மட்டும் எரிவதுதான் முதல் சுவிட்சின் குணம். இன்றைக்குப் போலீஸ்காரர்கள் விரும்பிக் கேட்பதும் அதே குணத்தைத்தான்.

நம் வீடுகளில் இருந்த அலுமினிய டார்ச்சில் பக்கவாட்டில் தள்ளும் சுவிட்ச் இருக்கும். எரியாவிட்டால் உள்ளங்கையில் தட்டுவோம், சுவிட்சை நாலு தடவை முன்னும் பின்னும் தள்ளுவோம், எரிந்துவிடும். அதில் மந்திரம் ஏதும் இல்லை. உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் களிம்பு ஏறி மின்சாரம் தடைபட்டிருக்கும். தள்ளத் தள்ள உரசிச் சுத்தமாகும். மோசமான சுவிட்ச் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. தன்னைத் தானே தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ளும் வசதி இன்றைய பொத்தான்கள் பலவற்றில் இல்லை.

இன்றைய டார்ச்சின் பொத்தான்களைப் பொதுவாக மூன்று சாதியாகப் பிரிக்கலாம். முதலாவது, பாதி அழுத்தினாலே எரிந்து, முழுதாக அழுத்தினால் 'டக்'கென்று நிலைத்துவிடும். கையை எடுத்தால் உடனே அணைய வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரி. இரண்டாவது, பால்பாயின்ட் பேனாவைப் போல அமுக்கி விட்ட பிறகுதான் எரியும். எரிந்துகொண்டிருக்கும்போது லேசாகத் தட்டினால் மின்சாரம் ஒரு கணம் அறுந்து, அடுத்த வெளிச்ச அளவுக்கு மாறும். விலை மலிவு என்பதால் இந்த வகை எங்கும் பரவிவிட்டது. மூன்றாவது, மின்னணுப் பொத்தான். இதன் வழியாகப் பெரிய மின்சாரம் எதுவும் ஓடாது. உள்ளே இருக்கும் ஒரு சிப்புக்கு 'அமுக்கியாயிற்று' என்று தகவல் மட்டும் போகும். மிச்சத்தையெல்லாம் சிப் பார்த்துக்கொள்ளும்.

எந்தச் சாதிப் பொத்தான் என்பதைப் பொறுத்துச் சோதனையும் மாறும். முதல் இரண்டில் பெரிய கேள்வி மின்தடை. பேட்டரியிலிருந்து வரும் மொத்த மின்சாரமும் அந்தச் சின்னச் சுவிட்ச் வழியாகவும் அதற்கு முட்டுக் கொடுக்கும் ஸ்பிரிங் வழியாகவும்தான் போக வேண்டும். சுவிட்சும் ஸ்பிரிங்கும் சேர்ந்து 50 மில்லி ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் ஓடினால் கால் வோல்ட் அங்கேயே போய்விடும். ஒன்றேகால் வாட் வெறும் சூடாகும். ஒற்றை லித்தியம் பேட்டரியின் 3.7 வோல்ட்டில் கால் வோல்ட் சின்ன விஷயமில்லை. ஆகவே சோதிப்பவர் முதலில் மல்டிமீட்டரை எடுப்பார். பிறகு சாலிடர் இரும்பைச் சூடாக்கி, ஸ்பிரிங்கின் மேல்முனையிலிருந்து அடிமுனைக்கு ஒரு மெல்லிய செம்புக் கம்பியைப் பற்றவைப்பார். கம்பி வளையக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் அமுங்காது. பற்றவைக்கும்போது சூடு அதிகமானால் ஸ்பிரிங்கின் தெம்பு போய்விடும். கம்பியைப் போட்ட பிறகு வெளிச்சம் எவ்வளவு கூடியது என்று மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் தயாரிப்பாளருக்கு அனுப்புவார். இப்போது சில கம்பெனிகள் அந்தச் செம்புக் கம்பியைத் தாங்களே போட்டு விற்கின்றன. பைசா கொடுக்காமல் கிடைத்த ஆராய்ச்சி.

மின்னணுப் பொத்தானில் வேறு தலைவலி. டார்ச் அணைந்திருக்கும்போதும் சிப் விழித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், எப்போது அமுக்குவார்கள் என்று. அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போகும். 20 மைக்ரோ ஆம்பியர் போனால் 3000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி தீர, கணக்குப்படி 17 வருஷம் ஆகும், கவலையே இல்லை. நிரலையோ சர்க்யூட்டையோ சரியாக அமைக்காமல் 2 மில்லி ஆம்பியர் குடித்தால் அதே பேட்டரி இரண்டே மாதத்தில் காலி. காரின் டேஷ்போர்டில் அவசரத்துக்கென்று போட்டுவைத்த டார்ச், அவசரத்தில் எரியாது. கடையில் அமுக்கிப் பார்ப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை. பின்மூடியைக் கழற்றி, பேட்டரியின் அடிமுனைக்கும் உடலுக்கும் நடுவே மீட்டரை வைப்பவருக்குத்தான் தெரியும்.

இந்த மாதிரிக் கூட்டு முயற்சியில் நன்றாகப் பேசப்பட்டது எஃப்டபிள்யூ3ஏ என்ற டார்ச். ஆர்வலர்களே வடிவமைத்து, லூமின்டாப் கம்பெனி தயாரித்து, 2019-இல் வந்தது. ஒரே ஒரு 18650 பேட்டரி, அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் பேட்டரி, மூன்று எல்இடி, கைக்கு அடக்கமான மெல்லிய உடம்பு. அவர்கள் பிடிவாதமாகக் கேட்டது, மின்னணுப் பொத்தான் வாலில் இருக்க வேண்டும் என்பது. கேட்க எளிது, செய்வது கடினம். சிப் தலைப்பக்கம் இருக்கிறது. உலோக உடம்பு ஏற்கெனவே மின்சாரம் திரும்பும் பாதையாகிவிட்டது. வாலிலிருந்து தலைக்குத் தகவல் போக மூன்றாவதாக ஒரு பாதை வேண்டும். அதற்காக உடம்புக்குள்ளே இன்னொரு மெல்லிய குழாயைச் செருகினார்கள். உள்குழாய் வெளிக்குழாயைத் தொடக் கூடாது. தொட்டால் பொத்தானை அமுக்கியதாகவே சிப் எடுத்துக்கொள்ளும். தலைப்பக்கத் தட்டை மட்டும் சரியாகத் தொட வேண்டும். தொடாவிட்டால் எத்தனை முறை அமுக்கினாலும் சிப்புக்குக் கேட்காது.

வாங்கியவர்கள் சிலருக்கு அது தானாகவே எரிந்தது, சிலருக்கு எரியவே இல்லை. பின்மூடியைத் தொடாதீர்கள், பேட்டரி மாற்ற வேண்டுமானால் தலைப்பக்கத்தைத் திருகித் திறங்கள் என்ற வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர்களும் பயன்படுத்தியவர்களே. அந்த டார்ச்சைப் பற்றி இன்று வரை இரண்டு கட்சி உண்டு. என் கணக்கில் அது பாதி வெற்றி. கையில் பிடித்த விதத்தில் கட்டைவிரல் இயல்பாகவே பொத்தானில் போய் உட்கார்கிறது என்பது அருமை. எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் டார்ச்சை ஊருக்குப் போகும் அப்பாவிடம் கொடுத்துவிட முடியாது.

அந்த டார்ச்சுக்குள் ஓடும் நிரலின் பெயர் அண்டூரில். டோல்கினின் கதையில் அரகார்ன் கையிலிருக்கும் வாளின் பெயர் அது; இந்தக் கூட்டத்தின் ரசனை எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. டாய்கீப்பர் என்ற புனைபெயரில் இயங்கும் நிரலாளர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொது உரிமத்தில் வெளியிட்டது. ஒரே பொத்தானில் எல்லாம். ஒரு முறை அமுக்கினால் எரியும், அமுக்கிப் பிடித்தால் வெளிச்சம் மெல்ல ஏறும், இரண்டு முறை தட்டினால் உச்ச வெளிச்சம், அணைந்திருக்கும்போது மூன்று முறை தட்டினால் பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று கண் சிமிட்டிச் சொல்லும்.

இங்கேதான் சோதிப்பவர்களின் நுணுக்கம் வெளிப்படுகிறது. ஒரு முறை தட்டியதா, இரண்டாவது தட்டு வரப்போகிறதா என்று சிப் கொஞ்சம் காத்திருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். காத்திருந்தால் டார்ச் தாமதமாக எரிவதுபோல் தோன்றும். கால் நொடிதான், ஆனால் கட்டைவிரலுக்கு அது தெரிந்துவிடும். காத்திருக்காமல் உடனே எரிந்தால், இரண்டு தட்டு தட்டுபவர் கண்ணில் நடுவே தேவையில்லாத ஒரு மினுக்கல் அடிக்கும். எது மேல்? விரல் படும் கணத்திலேயே எரிய வேண்டுமா, விரலை எடுத்ததும் எரிய வேண்டுமா என்று மணிக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள். வெளியாளுக்கு இது வேலையற்ற வேலையாகத் தெரியலாம். தினம் இருபது தடவை அமுக்கும் பொருளில் இதுவும் கவனிக்க வேண்டியதுதான்.

பைக்குள் எரிவது மட்டும் விளையாட்டில்லை. சட்டைப் பையில் அடங்கும் டார்ச்சே இன்று சில ஆயிரம் லூமன் கக்குகிறது. துணிக்குள் தானாக எரிந்தால் துணி கருகும், தோல் வேகும். ஆகவே பூட்டு கேட்டார்கள். அண்டூரிலின் இரண்டாம் பதிப்பில் நாலு தட்டு தட்டினால் பூட்டிக்கொள்ளும். மறக்காமல் பூட்டுவதற்கு ஒருவர் இருந்தால்தான் அந்தப் பூட்டுக்குப் பயன் என்று சில சோதனையாளர்கள் விடாமல் சொன்னார்கள், அது நியாயம். பொத்தானைச் சுற்றிக் கொஞ்சம் உயர்ந்த உலோக வளையம் போடலாம். ஆனால் உயர்ந்துவிட்டால் கையுறை போட்ட விரல் உள்ளே போகாது. மரைகளுக்கு மின்சாரம் கடத்தாத அனோடைஸ் பூச்சு கொடுத்தால், பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே மின்பாதை அறுந்துவிடும். எனக்குப் பிடித்த பூட்டு இதுதான். நிரல் வேண்டாம், நினைவில் வைக்க எதுவும் வேண்டாம், பேட்டரியும் வீணாகாது.

கருத்துச் சொல்வதிலும் தரம் உண்டு. 'சுவிட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்கு' என்று எழுதினால் தயாரிப்பாளர் என்ன செய்வார்? பத்துப் பேர் கட்டைவிரல் பத்து விதம். உள்ளே வைக்கும் குட்டிப் பொத்தான்கள் 100 கிராம், 160 கிராம், 260 கிராம் விசை என்று வரிசையாகக் கடையில் கிடைக்கின்றன. அதன் மேல் ரப்பர் மூடியின் தடிமன் சேர்கிறது. 'நடுவில் அமுக்கினால் பதிகிறது, ஓரத்தில் அமுக்கினால் ரப்பர் மட்டும் உள்ளே போகிறது, டக் என்ற உணர்வு வரவில்லை' என்று எழுதுபவர் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். ரப்பரை மாற்றலாம், குட்டிப் பொத்தானை மாற்றலாம், நிரலைத் திருத்தலாம்; அடுத்த தொகுதியிலேயே செய்யக்கூடியவை இவை. பொத்தானுக்கான துளையை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள் என்றால் உடம்பு வரைபடத்தையே மாற்ற வேண்டும். அதை முதல் மாதிரி கைக்கு வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

இவர்களிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. டார்ச் பித்தர்கள் தங்களைப் போன்றவர்களுக்காகவே கேட்கிறார்கள். இன்னொரு தட்டு, இன்னொரு வசதி என்று போய், ஒரு கட்டத்தில் அண்டூரிலைப் புரிந்துகொள்ளப் பக்கம் முழுக்கப் படம் தேவைப்பட்டது. வீட்டில் யாராவது எடுத்து இரண்டு மூன்று முறை வேகமாகத் தட்டிவிட்டால் போதும், 'ஏம்ப்பா, இது என்னமோ மினுக் மினுக்குங்குது' என்று குரல் வரும். நல்லவேளையாக அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். முதல் பதிப்பில் 'மகிள்' என்ற பெயரில் ஒரு எளிய முறை வந்தது. ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் தெரியாத சாதாரண ஜனங்களுக்கு அந்தப் பெயர். பெயரிலேயே கொஞ்சம் ஏளனம். அது ஒளிந்துகிடந்த வசதி, தெரிந்தவர்தான் போட முடியும். இரண்டாம் பதிப்பில் அதைத் தலைகீழாக்கினார்கள். பெட்டியைத் திறந்ததும் எளிய முறைதான் இருக்கும். நுணுக்கங்கள் வேண்டுமென்பவர் பத்து முறை தட்டி, பத்தாவது தட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும். சோதனையாளர்கள் கேட்டு வாங்கிய திருத்தங்களில் எனக்கு உயர்ந்ததாகப் படுவது இதுதான்.

அடுத்த முறை டார்ச் வாங்கும்போது லூமன் எண்ணைப் பார்க்கும் முன்பு சில காரியம் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தேடிப் பாருங்கள். கட்டைவிரலை ஈரமாக்கி ஓரத்தில் அமுக்கிப் பாருங்கள். பொத்தான் வாலில் இருந்தால் மேசையில் நிமிர்த்தி வைத்து நிற்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போன இரவில் அது கூரையைப் பார்த்து நின்றால்தான் அறை முழுக்க வெளிச்சம். பிறகு பைக்குள் போட்டுக்கொண்டு குனிந்து உட்காருங்கள். ஏதாவது தப்பாக நடந்தால், எந்த மாடல், எந்தப் பேட்டரி, எப்படி அமுக்கியபோது என்ன ஆயிற்று என்று நாலு வரி தயாரித்தவருக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டுக் கடையில் வாங்கும் டார்ச்சுக்கும் பெட்டியின் பின்பக்கம் ஒரு முகவரி இருக்கிறது.