பால் பல் சொன்ன சேதி

விழுந்த பால் பல்லை நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிவார்கள். அமெரிக்காவில் ஒரு டாக்டர் அந்தப் பற்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். சட்டங்கள் மாற அந்தப் பற்களும் ஒரு காரணம். அந்த டாக்டரின் பெயர் ஹெர்பர்ட் நீடில்மேன்.

ஒரு தாயின் கேள்வி

நீடில்மேன் 1927இல் பிலடெல்பியா நகரில் பிறந்தார். குழந்தை மருத்துவர் ஆனார். 1957இல் 3 வயதுப் பெண் குழந்தை ஒன்று அவரிடம் வந்தது. உயிருக்கே ஆபத்து. குழந்தையின் உடம்பில் காரீயம் ஏறியிருந்தது. மருந்து கொடுத்தார். குழந்தை பிழைத்தது.

பழைய வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது என்று தாயிடம் சொன்னார். தாய் ஏழை. வேறு எங்கே போவது என்று கேட்டார். தன்னால் வாடகை கொடுக்க முடிந்த எந்த வீடும் அப்படித்தான் இருக்கும் என்றார். டாக்டரிடம் பதில் இல்லை. மருந்து மட்டும் போதாது என்று அன்று அவருக்குப் புரிந்தது.

காரீயம் என்ன செய்யும்?

ஈயத்தில் இரண்டு உண்டு. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். மீன் வலையில் குண்டாகக் கட்டுவது காரீயம். பேட்டரிக்குள் இருப்பதும் காரீயம். முன்பு அதைப் பெயிண்டிலும் பெட்ரோலிலும் கலந்தார்கள். பெயிண்ட் உதிர்ந்தால் தூசி ஆகும். குழந்தை தூசி பட்ட கையை வாயில் வைக்கும்.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உடம்பு காரீயத்தையும் சுண்ணாம்புச் சத்து என்றே ஏமாந்து எடுத்துக்கொள்கிறது. எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைக்கிறது. மூளைக்கும் அது போகிறது. வாய் வழியாகப் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் 4, 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறார்கள். வளரும் மூளை கெடுகிறது.

பல்லில் இருந்த கணக்கு

வலிப்பு, மயக்கம் வந்தால்தான் கெடுதல் என்று அப்போது பலர் நினைத்தார்கள். நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கும் கெடுதல் இருக்குமோ? இதுதான் நீடில்மேனின் சந்தேகம்.

ரத்தம் சமீப காலக் கணக்கைத்தான் சொல்லும். பல் பல வருடக் கணக்கைச் சொல்லும். அதனால் பல்லைத் தேடினார். பாஸ்டன் நகரை அடுத்த செல்சி, சோமர்வில் என்ற ஊர்களில் 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டார். 2,000 பேருக்கு மேல் பல் கொடுத்தார்கள்.

காரீயம் அதிகம் உள்ள 58 பிள்ளைகளையும், குறைவாக உள்ள 100 பிள்ளைகளையும் சோதித்தார். யாருக்கும் வெளியே தெரியும் நோய் இல்லை. ஆனால் காரீயம் அதிகம் உள்ளவர்கள் அறிவுச் சோதனையில் பின்தங்கினார்கள். ஆசிரியர்களிடமும் கேட்டார்கள். எந்தப் பிள்ளையின் பல்லில் எவ்வளவு காரீயம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியாது. பல்லில் காரீயம் கூடக்கூட, கவனம் சிதறும் பிள்ளைகளும் கூடினார்கள். 1979இல் இதை வெளியிட்டார்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் தேடிப் பார்த்தார். காரீயம் அதிகம் இருந்தவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்காமல் போவது 7 மடங்கு அதிகம். 1990இல் இது வெளிவந்தது.

'மக்கு', 'சோம்பேறி' என்று ஒரு பிள்ளையைத் திட்டுகிறோம். குற்றம் பிள்ளையிடம்தானா? சுவரிலும் காற்றிலும் இருக்கலாம் அல்லவா?

பழி வந்தது

1991இல் அவர் மீது பழி வந்தது. கணக்கைத் திரித்தார் என்றார்கள். பழி சொன்ன 2 நிபுணர்கள் காரீயக் கம்பெனிகளின் தரப்பில் நின்றவர்கள். மூடிய அறையில் வேண்டாம், எல்லார் முன்னாலும் விசாரியுங்கள் என்று நீடில்மேன் கேட்டார். 1992இல் அப்படியே நடந்தது. அவர் மோசடி செய்யவில்லை என்று முடிவானது.

மாறிய சட்டங்கள்

அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்துக்கு 1978இல் தடை வந்தது. வாகனப் பெட்ரோலில் 1996இல் முழுத் தடை வந்தது. இந்தியாவில் 2000இல் காரீயப் பெட்ரோல் விற்பனை நின்றது. 2021இல் உலகம் முழுவதும் பங்குகளில் அது நின்றது. இந்தியாவில் 2017 முதல், 10 லட்சம் பங்கு வீட்டுப் பெயிண்டில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. நீடில்மேன் 2017இல் காலமானார்.

நாம் என்ன செய்யலாம்?

* பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள், உருக்காதீர்கள்.
* அந்த வேலை செய்பவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.
* பழைய பெயிண்டைச் சுரண்டும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்க வேண்டாம். தூசியை ஈரத் துணியால் துடையுங்கள்.
* பளிச்சென்று மின்னும் மஞ்சள் தூளை நம்பாதீர்கள். காரீயச் சாயம் கலந்திருக்கலாம். மஞ்சள் கிழங்கை வாங்கி அரைப்பது நல்லது.
* சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைக் கழுவுங்கள். கீரை, கேழ்வரகு, பால் கொடுங்கள்.
* சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தைச் சோதித்தால் தெரியும்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊரில் பழைய பேட்டரிகள் எங்கே போகின்றன?
2. அந்தத் தாய்க்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?