கேள்விக்கும் ஒரு விலை உண்டு!

உங்களிடம் 13 சீட்டுகள். எதிரே அமர்ந்துள்ள கூட்டாளியிடம் 13 சீட்டுகள். அவரிடம் எத்தனை ஏஸ்கள் உள்ளன என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கண்ணால் சாடை காட்டவும் கூடாது. எப்படி அறிவீர்கள்?

'காண்டிராக்ட் பிரிட்ஜ்' என்னும் சீட்டாட்டத்தில் எழும் கேள்வி இது. இருவருக்கு இருவராக நால்வர் ஆடும் இந்த ஆட்டம் ஏலத்தில் தொடங்குகிறது. 1 என்று கேட்டால் 7 பிடிகள் எடுக்க வேண்டும்; 7 என்றால் 13 பிடிகளும். ஒவ்வோர் எண்ணுக்கும் கிளாவர், டைமண்ட், ஹார்ட், ஸ்பேடு, துருப்பே இல்லாத நோ-டிரம்ப் என வரிசையாக ஐந்து படிகள். ஆக, ஏல ஏணியில் 7 × 5 = 35 படிகள். ஏறலாம், இறங்க முடியாது!

12 பிடிகளைக் கேட்டு வெல்வது 'சிறு ஸ்லாம்'. 13 பிடிகள் 'பெரு ஸ்லாம்'. இரண்டுக்கும் தனிப் பரிசுப் புள்ளிகள் உண்டு. ஆனால் எதிரணியிடம் இரண்டு ஏஸ்கள் இருந்தால் ஸ்லாம் பெரும்பாலும் கவிழ்ந்துவிடும்.

பிளாக்வுட் கண்ட வழி

1933-இல் ஈஸ்லி பிளாக்வுட் என்ற அமெரிக்கர் ஓர் உத்தி வகுத்தார். ஏணியின் 20-ஆம் படியான '4 நோ-டிரம்ப்' என்பதையே, "உன்னிடம் எத்தனை ஏஸ்?" என்ற கேள்வியாக்கினார். கூட்டாளியின் விடைகள் இவை:

5 கிளாவர் – ஏஸ் இல்லை, அல்லது நான்கும்
5 டைமண்ட் – ஒன்று
5 ஹார்ட் – இரண்டு
5 ஸ்பேடு – மூன்று

இல்லை என்பதற்கும் நான்கு என்பதற்கும் ஒரே விடையா? குழப்பம் வராதா? வராது. கேட்பவர் கையில் ஓர் ஏஸ் இருந்தாலே கூட்டாளியிடம் நான்கு இருக்க முடியாதல்லவா? கேட்பவருக்கு முன்பே தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதால் ஒரு படி மிச்சமாயிற்று. செய்திக் குறியீடுகளிலும் இதே சிக்கனம் உண்டு.

பின்னர் வந்த முறையில் துருப்பு ராஜாவும் ஐந்தாவது ஏஸாகக் கணக்கிடப்படுகிறது. அங்கே 5 கிளாவர் என்றால் 0 அல்லது 3. 5 டைமண்ட் என்றால் 1 அல்லது 4. மீதமுள்ள 2 அல்லது 5 என்பதற்கு இரண்டு விடைகள்: துருப்பு ராணி இல்லையேல் 5 ஹார்ட், இருந்தால் 5 ஸ்பேடு. எண்ணை 3-ஆல் வகுத்த மீதியைத்தான் கூட்டாளி சொல்கிறார்!

எங்கே ஆபத்து?

கிளாவர் துருப்பு என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஓர் ஏஸ். நீங்கள் பிளாக்வுட் முறையில் கேட்கிறீர்கள். கூட்டாளியும் ஒன்று என்று, 5 டைமண்ட் சொல்கிறார். இரண்டு ஏஸ்கள் எதிரணியிடம்! 5 கிளாவரில் நின்றிருக்கலாம். ஆனால் அது 21-ஆம் படி, விடையோ 22-ஆம் படி. இனிக் கிளாவர் என்றால் 6 கிளாவர்தான். தெரிந்தே தோல்விக்குள் நடக்க வேண்டியதுதான். ஸ்பேடு துருப்பானால் இந்த இடரில்லை. 5 ஸ்பேடு 24-ஆம் படி. எந்த விடை வந்தாலும் அங்கே நின்றுகொள்ளலாம்.

இந்தக் குறியீடு இரகசியமன்று. இதன் பொருளை எதிரணியும் அறிய வேண்டும் என்பது ஆட்ட விதி.

சிறிதளவு வெந்நீரில் வெப்பமானியை வைத்தால், அது நீரிலிருந்து சற்றே வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது; அளக்க வந்த வெப்பநிலையே குறைகிறது. பிளாக்வுட் கேள்வியும் அப்படித்தான். கேட்ட மாத்திரத்தில் நாம் நிற்கும் படி மாறிவிடுகிறது. ஆகவே, வரக்கூடிய ஒவ்வொரு விடைக்கும் அடுத்து என்ன செய்வோம் என்று எண்ணிப் பார்த்த பிறகே கேட்க வேண்டும்.

மாணவர்களே, ஹார்ட் துருப்பானால் எந்த விடை 5 ஹார்ட்டைத் தாண்டும்? அதற்காக அஞ்ச வேண்டுமா? ஏணியை வரைந்து பாருங்கள்.