அடிவாரத்து வெயிலும் மலைமேற் பனியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கே, டென்னஸி, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் கிரேட் ஸ்மோக்கி என்னும் மலைத்தொடர் அமைந்துள்ளது. நீலப்புகை படிந்தாற்போல் எப்பொழுதும் மெல்லிய மூட்டம் தவழ்வதால் இப்பெயர் வாய்த்தது. 1934-ஆம் ஆண்டில் இப்பகுதி தேசியப் பூங்காவாக நிறுவப்பெற்றது. இங்குள்ள சிகரங்களுள் லெ காண்ட் மலை புகழ் பெற்றது. இதன் உயரம் 2,010 மீட்டர். அடிமுதல் முடிவரை காடு மூடிய மலை இது. உச்சிக்குச் செல்ல ஐந்து நடைபாதைகள் உள்ளன. கோடையில் சிறுவரும் முதியவரும் ஏறி இறங்கும் அதே பாதைகளில், குளிர்காலத்தில் பயிற்சி பெற்றவர்களும் தடுமாறுகின்றனர். இதன் காரணம் யாது? மலையின் வானிலை ஒன்று, அடிவாரத்தின் வானிலை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இடருக்கு முதற்படியாகும்.

உயரமும் குளிரும்

மலையடியில் உள்ள கேட்லின்பர்க் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 390 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிகரம் 1,600 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கிறது. காற்று மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைந்து விரிகின்றது; விரியும் காற்று குளிர்கின்றது. சராசரியாக ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஆறரைப் பாகை செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது கணக்கு. ஆகவே, நகரில் 6 பாகை வெப்பம் இருக்கும் காலையில், சிகரத்தில் சுழிக்குக் கீழே 4 பாகை இருத்தல் இயல்பு. கீழே தூறும் மழை, பாதி வழியில் பனிமழையாகி, மேலே வெண்பனியாகப் பெய்யும். தெளிந்த, காற்றில்லாத சில இரவுகளில் மட்டும் கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிட, உச்சி சற்று வெதுவெதுப்பாயிருப்பதும் உண்டு.

குளிரோடு ஈரமும் இம்மலையில் மிகுதி. பள்ளத்தாக்குகளில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையும் பனியும் விழுகின்றன. சிகரங்களிலோ 2,100 மில்லிமீட்டருக்கு மேல். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் வடமேற்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் மலைச்சரிவில் மோதி மேலெழுவதே இதற்குக் காரணம். மேகத்திலுள்ள நுண்துளிகள் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பின்னும் நீராகவே மிதக்கும். கிளையையோ பாறையையோ தொட்ட கணத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். காற்று வரும் பக்கம் நோக்கியே இப்பனி இறகுபோல் வளர்வதால், எத்திசையிலிருந்து காற்று வீசியது என்பதை மரத்தைப் பார்த்தே கூறலாம்.

இலையே வெப்பமானி

மலையேறுவோருக்கு இயற்கை அளித்த வேறொரு குறிப்பும் உண்டு. பாதையோரங்களில் ரோடோடென்றன் என்னும் செடி புதராக அடர்ந்திருக்கிறது. நீலகிரியில் காட்டுப் பூவரசு எனத் தமிழர் வழங்கும் மரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. குளிர்காலத்திலும் இதன் இலைகள் உதிர்வதில்லை. வெப்பம் உறைநிலையை நெருங்கும்போது இலைகள் தொங்கத் தொடங்கும். குளிர் மேலும் கடுமையாகிச் சுழிக்குக் கீழே ஏழெட்டுப் பாகையானால், ஒவ்வோர் இலையும் சுருட்டுப்போல் இறுகச் சுருண்டுவிடும். வெப்பம் திரும்பியதும் மறுபடி விரியும். உறைந்த இலையைக் கடும் வெயிலிலிருந்து காத்துக்கொள்ளச் செடி கையாளும் வழியிது என்று ஆய்வாளர் சிலர் விளக்குகின்றனர். காரணம் எதுவாயினும், விரிந்த இலைகளுக்கிடையே நடக்கத் தொடங்கியவன், சுருண்ட இலைகளைக் கண்டதும் வேறொரு பருவத்துக்குள் நுழைந்துவிட்டதை அறிந்துகொள்ளலாம்.

பாதையின் இயல்பு

ஐந்து பாதைகளுள் மிகக் குறுகியது ஆலம் கேவ், அதாவது படிகாரக் குகைப் பாதை. ஒரு வழித் தூரம் 8 கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 840 மீட்டர். தொடக்கத்தில் ஓடைக்கரையோடு செல்லும் இப்பாதை எளிதாகவே தோன்றும். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், பாறையில் இயற்கையாய் அமைந்த வளைவு ஒன்றினுள் கற்படிகள் வழியே ஏறவேண்டும். இங்கே கசியும் நீர் குளிர்காலத்தில் படிகளின்மேல் உறைந்து கண்ணாடிபோலாகும். அதற்கு மேலே படிகாரக் குகை வருகின்றது. பெயர் குகையாயினும், இது முன்னோக்கிக் கவிந்து நிற்கும் ஏறத்தாழ 25 மீட்டர் உயரமுள்ள பாறைச்சுவர். அதன் விளிம்பில் ஈட்டிபோன்ற பனிக்கட்டிகள் தொங்கும். வெயில் பட்டதும் அவை பிடிவிட்டு விழும். அழகாயிருக்கிறதென்று அவற்றின் கீழே நின்று இளைப்பாறுதல் தகாது.

குகையைக் கடந்தபின் பாதை குறுகுகின்றது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. இத்தகைய இடங்களில் பற்றிக்கொள்வதற்காகப் பாறையில் எஃகு வடங்கள் பொருத்தப்பட்டுள்ளன. பாறையிலிருந்து கசியும் நீர் பாதையின்மேல் படிப்படியாக உறைந்து, சரிவை நோக்கிச் சாய்ந்த பனிக்கட்டித் தளமாகிவிடும். பலர் நடந்து மிதித்த வெண்பனியும் இறுகிக் கட்டியாகும்.

இங்கே நினைவிற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. பாதை நாள் முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. நடுப்பகலில் மேற்பரப்பு சிறிது உருகும். பனிக்கட்டியின்மேல் நீர் படர்ந்திருக்கும் அந்நிலையில்தான் காலணி மிகவும் வழுக்குகின்றது. மாலையில் அந்நீர் மீண்டும் உறைந்து புதிய படலமாகும். காலையில் பழைய பனியின்மேல் தட்டுத்தடங்கலின்றி ஏறியவன், பிற்பகலில் இறங்கும்போது காண்பது வேறு பாதை. வடக்கு நோக்கிய சரிவுகளிலோ, குளிர்காலச் சூரியன் தாழ்ந்து செல்வதால், பல நாள் வெயிலே படாது. அங்கே பிடித்த பனிக்கட்டி நெடுநாள் நிலைத்து நிற்கும். ஆதலின் அனுபவமுள்ளோர் காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்சங்கிலியைப் பையில் எடுத்துச் செல்வர். ஏற்றத்தில் தேவைப்படாவிடினும் இறக்கத்தில் அது உயிர்த்துணையாகும்.

உச்சியை நெருங்கினால் ஸ்புரூஸ், பிரேசர் ஃபிர் என்னும் ஊசியிலை மரங்களின் காடு. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி 1960-களில் இம்மலைத்தொடரை அடைந்து, ஃபிர் மரங்களுள் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டது. பனியின் சுமையும் காற்றின் வேகமும் சேரும்போது பட்டமரங்கள் முறிந்து பாதையை அடைப்பதும் உண்டு.

ஈரமும் உடலும்

குளிர் மட்டுமே மனிதனை வீழ்த்துவதில்லை. குளிரோடு ஈரமும் காற்றும் கூடினாலே பேராபத்து. நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கடத்திச் செல்லும். பருத்தி ஆடை நனைந்தால் தன் காப்பாற்றலை இழக்கும். கம்பளி நனைந்தபின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும். மழையில் நனையாதவனும் ஏற்றத்தில் வியர்வையால் நனைவான். உச்சியில் நின்றதும் அவ்வியர்வையே அவனுக்குப் பகையாகும்.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் குளிர்த்தாக்கம் தொடங்கிவிட்டதென்பர் மருத்துவர். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் பொத்தானைப் போடவும் இயலாது தடுமாறும், பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். கொடுமை யாதெனில், இந்நிலையில் அறிவும் மங்குவதால், தனக்கு ஆபத்து என்பதை அவனே உணரமாட்டான். உடன் வருபவர்தாம் கவனித்தல் வேண்டும். குளிர்காலத்தில் தனியே மலையேறலாகாது என்பதன் பொருள் இதுவே.

திரும்பும் நேரம்

பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாயிருக்கும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் வாழ்வோர் மறந்துவிடக்கூடியது பகலின் நீளம். இம்மலையில் டிசம்பர் இறுதியில் பகற்பொழுது பத்து மணி நேரம்கூட இல்லை. மாலை 5:20 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். கோடையில் மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறும் வழிக்குப் பனியில் மேலும் நேரம் பிடிக்கும். உச்சியிலுள்ள விடுதியும் குளிர்கால மாதங்களில் விருந்தினருக்கு மூடப்பட்டிருக்கும். மேலே சென்றால் தங்கலாம் என்னும் நம்பிக்கைக்கு இடமில்லை.

1993-ஆம் ஆண்டு மார்ச் மாதம், வசந்தம் பிறக்க ஒரு வாரமே இருந்தபோது, அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுவதையும் பெரும் பனிப்புயல் தாக்கியது. லெ காண்ட் மலையில் நான்கடிக்கு மேல் பனி குவிந்தது. மிச்சிகன் மாநிலப் பள்ளி ஒன்றிலிருந்து மலைநடைக்கு வந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட மாணவரும் ஆசிரியரும் இம்மலைத்தொடரின் காடுகளில் சிக்கிக்கொண்டனர். ஹெலிகாப்டர்கள் தேடின. பல நாள் முயற்சிக்குப் பின் அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். நாட்காட்டியில் குளிர்காலம் முடியும் நாள் வேறு, மலையில் அது முடியும் நாள் வேறு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

ஆகவே, புறப்படுமுன் அடிவாரத்து வானத்தைப் பார்த்தல் மட்டும் போதாது. சிகரத்துக்குரிய வானிலை அறிவிப்பைக் கேட்டறிதல் வேண்டும். இன்ன மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுதல் வேண்டும். களைப்பும் குளிரும் அறிவை மங்கச் செய்யுமிடத்தில் புதிதாய் முடிவெடுத்தல் அரிது. தெளிந்த அறிவோடு எடுத்த பழைய முடிவே அங்கே கைகொடுக்கும். உச்சிக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது திரும்பி வந்தவன் தோற்றவனல்லன். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதைக் காண அவனும் இருக்கவேண்டும்.