நாமே செய்யலாம் – 14: மூன்றாவது துளை

வாஷிங் மெஷின் இன்றைக்கே வந்து இறங்கிவிடும். மாட்டிக் கொடுக்கிற ஆள் வியாழக்கிழமைதான் வருவார். அதற்குள் அழுக்குக் கூடை நிரம்பி வழியும். ‘ரெண்டு பைப்பு, ஒரு பிளக்கு, இதுக்கு எதுக்கு ஆளு?’ என்று வீட்டில் ஒருவர் ஸ்பேனரோடு கிளம்புவார். கிளம்பட்டும். குழாய் முறுக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. தங்கள் ஆள் வந்து மாட்டினால்தான் வாரண்டி என்று சில கம்பெனிகள் நிபந்தனை போடும்; அந்த அட்டையை மட்டும் முதலில் படித்துவிட வேண்டும்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. அது சுவரில் இருக்கிறது. பிளக் பாயின்ட்டின் மூன்று துளைகளில் மேலே உள்ள பெரியது, எர்த். கீழே உள்ள ஃபேஸும் நியூட்ரலும் சரியில்லை என்றால் மெஷின் ஓடாது, உடனே தெரிந்துவிடும். எர்த் இல்லாவிட்டாலோ மெஷின் ஜோராக ஓடும், வருஷக் கணக்கில்கூட ஓடும். அதனால்தான் அதை யாரும் தேடுவதில்லை.

பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக அப்படி. மெஷினின் இரும்பு உடம்பு இந்தப் பின் வழியாகத்தான் தரையோடு இணைகிறது. உள்ளே ஒரு வயரை எலி கடித்து, ஃபேஸ் உடம்பில் பட்டுவிட்டால், மின்சாரம் எர்த் வயர் வழியாகத் தரைக்குப் போய்விடும். அந்த வழி அடைத்திருந்தால், ஈரக் கையும் வெறுங்காலுமாக மெஷினைத் தொடுகிறவர் வழியாகப் போகும்.

‘மெஷினைத் தொட்டா லேசா ஜிவ்வுனு இருக்கு’ என்று வீட்டில் சொன்னால், ‘அது ஒண்ணும் இல்லக்கா, செருப்பு போட்டுட்டுத் தொடுங்க’ என்று பதில் சொல்கிற எலெக்ட்ரீஷியன்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. இன்றைய மெஷின்களுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கசியவிடும். எர்த் சரியாக இருந்தால் அது தெரியாமலே தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் உடம்பில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். அந்தக் கசிவு மட்டும் ஆளைக் கொல்லாது. ஆனால் உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறு கிடைக்காது. சாட்சியைச் செருப்பு போட்டு மறைப்பது எனக்குப் புரியாத வைத்தியம்.

எர்த் எப்படிக் காணாமல் போகிறது? பழைய வீடுகளில் எர்த் வயரைத் தண்ணீர் வரும் ஜி.ஐ. குழாயில் சுற்றிவிட்டிருப்பார்கள். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போனவரை ஏதோ ஒப்பேறியது. பிறகு பிளம்பர் வந்து அதை எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டார். வயர் இன்னும் குழாயில்தான் சுற்றியிருக்கிறது. குழாய்தான் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. சில வீடுகளில் பச்சை வயர் பாயின்ட் வரை வந்திருக்கும், மறுமுனை எதிலும் சேர்ந்திருக்காது. குழி எடுத்து, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்ட வீட்டிலும், மண் காய்ந்துவிட்டால் எர்த் பலவீனமாகிவிடும். கோடையில் அந்தக் குழிக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் தாத்தாக்களுக்கு இருந்தது.

இவற்றையெல்லாம்விட மோசமானது, பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் துளையில் மாட்டிவிடுவது. டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், எல்லாம் சரி என்றே காட்டும். என்றைக்காவது நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால், மெஷினில் ஒரு கோளாறும் இல்லாமலே அதன் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். பாயின்ட்டைத் திறந்து பார்த்தால்தான் இது தெரியும். மெஷினை நீங்கள் மாட்டுங்கள். இந்தச் சோதனையை மட்டும் உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மெஷின் வருவதற்கு முன்பே அவர் வந்துபோயிருக்க வேண்டும்.

அவர் வந்த கையோடு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேளுங்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுவதற்கானது, ஆளை அல்ல. ஆர்.சி.சி.பி., ஃபேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கானதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே விழுந்துவிடும். அது 16 ஆம்பியரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதிலுள்ள ‘டி’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறது என்று அர்த்தம். எர்த் சரி என்று அர்த்தமில்லை.

முன்பக்கக் கதவு உள்ள மெஷினில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் 2,000 வாட் அளவில் இருக்கும். அதற்கு மட்டும் 9 ஆம்பியர் போகும். 16 ஆம்பியர் பவர் பிளக் பாயின்ட் அவசியம். பெரிய பிளக்கைச் சின்ன பாயின்ட்டில் நுழைக்கும் கன்வெர்ஷன் பிளக்கும், ஹால் டி.வி.க்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதற்கு ஆகாது. உருகும், சில நேரம் பற்றும். பாத்ரூமுக்குள்தான் இடம் என்றால், ஷவர் தண்ணீரும் வாளித் தண்ணீரும் தெறிக்காத உயரத்தில் மூடியுள்ள பாயின்ட் வையுங்கள். பால்கனி என்றால் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்து வையுங்கள்.

மிச்சமெல்லாம் ஸ்பேனர் வேலை. முன்பக்கக் கதவு மெஷின் 60, 70 கிலோ வரும், உள்ளே கான்கிரீட் கட்டியே இருக்கிறது. இரண்டு பேர் தூக்குங்கள், கதவைப் பிடித்துத் தூக்காதீர்கள். பின்னால் உள்ள டிரான்ஸிட் போல்ட்களை மறக்காமல் கழற்றுங்கள். அவை இருக்கும்போது பிழிய விட்டால் மெஷின் குதித்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கும், குழாய் பிடுங்கிக்கொள்ளும், தரையெல்லாம் தண்ணீர். கழற்றியதைப் பத்திரப்படுத்துங்கள், வீடு மாறும்போது தேவைப்படும். நான்கு காலும் தரையில் பதிய வேண்டும். அடியில் எலி வலை இருந்தால் போடுங்கள். அது துணிக்காக அல்ல, வயருக்காக. துணி துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடுங்கள்.

முதல் தடவை துணி போடாமல் ஓட்டி, முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கிவிடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை தூக்குங்கள். நின்றால் சந்தேகம் மெஷின் மேல், கம்பெனியைக் கூப்பிடுங்கள். நிற்காவிட்டால் வீட்டு வயரிங் மேல். ‘இது சும்மா சும்மா விழும் சார், கழட்டிட்டு டைரக்டா குடுத்துடறேன்’ என்கிற எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.